இறகை உப்பிக்கொண்டு மூலையில் நிற்கும் கோழிக்கு என்ன நோய், என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். உசிலம்பட்டிப் பக்கம் வீட்டோடு ஐந்து நாட்டுக்கோழி வளர்க்கிறீர்கள். அதில் ஒன்றரை வயதுப் பெட்டை ஒன்று இரண்டு நாளாக இறகை உப்பிக்கொண்டு மூலையில் கண்மூடி நிற்கிறது. இரை எடுக்கவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. மற்ற நான்கும் நன்றாக மேய்கின்றன. இது வெள்ளைக்கழிச்சல்தானா, கடையில் என்ன மருந்து வாங்குவது, முட்டையைச் சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். கேட்டது மருந்தின் பெயர் என்றாலும், உங்களுக்கு இப்போது தெரியவேண்டியது வேறு இரண்டு: இது மிச்ச நான்கையும் கொண்டுபோகிற நோயா, இந்த ஒன்றைப் பிழைக்கவைக்க இன்றைக்கு உங்கள் கையால் என்ன செய்ய முடியும். நேரில் தொட்டுப் பார்க்காமல் இன்ன நோய் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் எவையெல்லாம் இல்லை என்று நீங்களே வீட்டிலேயே கழித்துக்கட்ட வழி இருக்கிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தப் பச்சைக் கழிச்சல். நம் ஊரில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் உடனே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோழியின் எச்சத்தில் உள்ள வெள்ளைப் பகுதி சிறுநீர்தான், யூரிக் அமில உப்பு. நல்ல ஆரோக்கியமான கோழியின் எச்சத்திலும் அந்த வெள்ளை மேலே தொப்பியாக உட்கார்ந்திருக்கும். பச்சை என்பது பித்தநீரின் நிறம். இரை உள்ளே போகாதபோது குடலில் பித்தநீர் மட்டும்தான் இறங்கும், அது பச்சையாக வெளியே வரும். ஆகவே எந்தக் காரணத்தால் பட்டினி கிடந்தாலும் கோழி பச்சையும் வெள்ளையுமாகத்தான் கழியும். வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் ராணிக்கெட் நோயிலும் அப்படித்தான், முட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் கோழியிலும் அப்படித்தான். நிறத்தை மட்டும் வைத்து மருந்து வாங்கினால் பாதிக்குமேல் தவறான மருந்தாகத்தான் இருக்கும். இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை பசைபோல், காப்பி நிறத்தில், கடும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குடல்வாலிலிருந்து வருவது, இயல்பானது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எச்சத்தைவிட எண்ணிக்கைதான் அதிகம் சொல்லும். ஒரே தண்ணீர்ச் சட்டியில் குடித்து, ஒரே கூட்டில் அடையும் ஐந்து கோழிகளில், தடுப்பூசி போடாத நிலையில், ராணிக்கெட் நுழைந்தால் ஒன்றோடு நிற்பது அரிது. பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அடுத்தடுத்து விழும், சில நாட்கள் கூடவோ குறையவோ ஆகலாம். உங்களிடம் இன்று இரண்டாம் நாள்தான் ஆகிறது. ஆகவே இல்லை என்று சொல்லவும் முடியாது. அடுத்த ஒரு வாரத்துக்குள் இரண்டாவது கோழி அதேபோல் தூங்கத் தொடங்கினால், அல்லது இந்தக் கோழிக்கே கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டால், கால் இறக்கை இழுத்துக்கொண்டால், வாயைத் திறந்து கொர்கொர் என்று மூச்சு வாங்கினால், அப்போது ராணிக்கெட் சந்தேகம் மிக வலுவாகிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளில் கடந்த இரண்டு வாரத்தில் கோழி செத்திருக்கிறதா, நீங்கள் திருமங்கலம் சந்தையிலோ வாடிப்பட்டிச் சந்தையிலோ புதிதாகக் கோழி வாங்கி வந்து கூட்டத்தில் விட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் இல்லை என்றால், ஒன்றே ஒன்று மட்டும் நோயாக நிற்பதற்கு வேறு காரணங்கள்தான் முன்னுக்கு வரும்.

நோயைக் கண்டுபிடிக்கும்முன் கோழியைப் பிரித்து வையுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அடியில் சாக்கு விரித்து, அதன்மேல் பழைய செய்தித்தாளைப் போடுங்கள். தாளில் விழும் எச்சத்தின் அளவும் நிறமும் தெளிவாகத் தெரியும், காலையும் மாலையும் மாற்றவும் எளிது. மற்ற கோழிகளிலிருந்து குறைந்தது பத்துப் பதினைந்து அடி தள்ளி, காற்றோட்டம் உள்ள ஆனால் நேரடிக் காற்று அடிக்காத இடமாக இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் நோய்க்கோழிக்குச் சூடு வேண்டும். அறுபது வாட் குண்டு பல்பு கிடைத்தால் ஒன்றரை அடி தள்ளி ஒரு பக்கமாக மட்டும் தொங்கவிடுங்கள், வேண்டியபோது கோழி நகர்ந்துகொள்ளும். பல்பு இல்லையென்றால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். சித்திரை வைகாசியில் இது எதுவும் வேண்டாம். மதுரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் நாட்களில் நோய்க்கோழியைக் கொல்வது குளிர் இல்லை, வெக்கைதான். அப்போது வேப்ப மர நிழலும் ஈரச் சாக்கும் போதும். தொட்டுப் பார்த்து உடம்பு சுடுகிறது, காய்ச்சல் என்று சொல்வார்கள். கோழியின் இயல்பான உடல்வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ், நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். மெடிக்கலில் விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் எண்ணெய் தடவி எச்சத்துவாரத்தில் ஓர் அங்குலம் வைத்துப் பாருங்கள். நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தால் கோழி சரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள், உடனே சூடு கொடுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கழிச்சலில் சாகும் கோழிகளில் பல, நோயைத் தாங்குவதற்குள் நீர் வற்றியே சாகின்றன. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதற்குமேல் ஒரு சிட்டிகைகூடப் போகக்கூடாது, கோழி உப்பைத் தாங்காது. மெடிக்கலில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் அதில் போட்டிருக்கும் அளவிலேயே கரைத்துக் கொடுக்கலாம். தானாகக் குடித்தால் சட்டியில் வைத்தால் போதும். குடிக்காவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டையும் அது விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்ததை விட வேண்டும். வாயைப் பிளந்து பீய்ச்சி அடித்தால் நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்துளைக்குள் போய் நிமிடத்தில் செத்துவிடும். நல்ல எண்ணத்தோடு மருந்து புகட்டியே கோழியைக் கொல்வது இப்படித்தான் அதிகம் நடக்கிறது. ஒன்றரைக் கிலோக் கோழிக்கு ஒரு தடவைக்கு பத்து மில்லி, பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். இந்த உப்புச் சர்க்கரை நீர் இரண்டு நாளுக்கு மட்டும். பிறகு வெறும் தண்ணீர். தீனியை இப்போது திணிக்க வேண்டாம். அதற்குமுன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

இன்று இரவு தீனியை எடுத்துவிடுங்கள். நாளை விடிந்ததும், எதுவும் கொடுக்கும்முன், கழுத்தடியில் நெஞ்சின் வலப்பக்கம் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். ஊரில் இதைத்தான் இரைப்பை என்பார்கள். இரவு முழுக்கச் செரித்து விடியலில் அது தட்டையாகக் காலியாக இருப்பதுதான் இயல்பு. விடியலிலும் கெட்டியாக உருண்டு நின்றால் அடைப்பு. நீளமான புல், தேங்காய் நார், தையல் கடை நூல், பூக்கட்டும் வாழைநார், பாலித்தீன் துணுக்கு, இவைதான் பெரும்பாலும் உள்ளே சுருண்டு கிடக்கும். ஐந்து மில்லி நல்லெண்ணெயும் பிறகு பத்து மில்லி வெதுவெதுப்பான தண்ணீரும் மேலே சொன்ன மாதிரிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, விரல்களால் ஐந்து நிமிடம் மெதுவாகப் பிசைந்து கட்டியை உடைக்கப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். முப்பது மணி நேரத்தில் சிறுக்காவிட்டால் மருத்துவர் சிறிய கீறல் போட்டு எடுத்துவிடுவார், பெரிய அறுவை இல்லை. தீனிப்பை கெட்டியாக இல்லாமல், தண்ணீர் நிரப்பிய பலூனைப் பிடிப்பதுபோல் தளதளத்து, வாயில் புளித்த நாற்றம் அடித்தால் அது வேறு. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், அந்த நீர் நுரையீரலுக்குள் போய்விடும். ராணிக்கெட் உள்பட குடல் வேலை நிறுத்தும் எந்த நோயிலும் இப்படி நீர் தேங்கும். ஆகவே புளித்த தீனிப்பையைக் கண்டு அதுவே நோய் என்று நின்றுவிடாமல் மேலே தேடுங்கள்.

அடுத்து நெஞ்செலும்பு. எந்தப் பரிசோதனையைவிடவும் எனக்கு அதிகம் சொல்வது இதுதான். கோழியை மடியில் வைத்து நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பின் இருபக்கமும் விரலை ஓட்டுங்கள். இருபுறமும் சதை திரண்டு எலும்பின் விளிம்பு லேசாக மட்டும் தட்டுப்பட்டால், கோழி நேற்றுவரை நன்றாகத் தின்றிருக்கிறது, நோய் திடீரென்று வந்தது. சதை வற்றி எலும்பு துருத்திக்கொண்டு கையைக் குத்தினால், நீங்கள் கவனித்தது இரண்டு நாளாக இருக்கலாம், நோய் வந்து வாரக்கணக்கில் ஆகிறது. உடம்பெல்லாம் இறகு மூடியிருப்பதால் இளைப்பு வெளியே தெரியாது. கூட்டத்தில் இருக்கும்வரை கோழி நோயை மறைத்துக்கொண்டு நடமாடும், முடியாதபோதுதான் உப்பி நிற்கும். இந்த ஒரு தொடுதலில் காரணங்களின் பட்டியல் இரண்டாகப் பிரிந்துவிடும். சதை இருந்தால் ராணிக்கெட், முட்டை அடைப்பு, விஷம், உண்ணி கடித்து வரும் காய்ச்சல், வெக்கை ஆகியவற்றைத் தேட வேண்டும். வற்றியிருந்தால் குடற்புழு, பேன், செள்ளு என்னும் சிறு பூச்சி, வயிற்றுக்குள் முட்டைக்கரு சிதறிப் புண்ணாகும் நோய், கட்டி, பூஞ்சைத் தீனியால் கெட்ட கல்லீரல். வற்றிய கோழிக்கு ராணிக்கெட் வரவே வராது என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே புழுவால் இளைத்த கோழியைத்தான் அதுவும் எளிதாகப் பிடிக்கும்.

கொண்டையைப் பாருங்கள். வெளுத்திருந்தால் எங்கோ இரத்தம் போகிறது: புழு, செள்ளு, உண்ணி. ஊதாவாகக் கறுத்திருந்தால் மூச்சோ இரத்த ஓட்டமோ தடைப்படுகிறது. கடும் வெக்கையிலும், திடீர்ச் சாவு தரும் கோழிக் காலராவிலும் அப்படி ஆகும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கரும்பழுப்பு மருக்கள் இருந்தால் அம்மை, அது கொசுவால் பரவுவது. வாயைத் திறந்து பாருங்கள், உள்ளே மஞ்சளாகப் பாலாடைக்கட்டிபோல் ஒட்டியிருந்தால் அதுவும் அம்மையின் உள்வகையாக இருக்கக்கூடும், சுரண்டி எடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கி, மூக்கில் நாற்றமெடுக்கும் சளி வந்தால், கண்ணோரம் நுரை கட்டினால், அது சளி நோய்களின் வகை. அவற்றில் பலவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்மையில் வேலை செய்யும்.

ஒன்றரை வயதுப் பெட்டை என்றீர்கள், கடைசியாக எப்போது முட்டையிட்டது என்று சொல்லவில்லை. அது முக்கியம். அடைக்குப் படுக்கும் பருவத்தில் இருந்தாலும் கோழி இறகை உப்பி, இரையைக் குறைத்து, நாற்றமான பெரிய எச்சம் போடும். ஆனால் அடைக்கோழி கை நீட்டினால் சீறும், கண் தெளிவாக இருக்கும், கூட்டைவிட்டு நகராது. உங்களுடையது மூலையில் கண்மூடி நிற்கிறது என்பதால் அடை என்று நான் நினைக்கவில்லை. முட்டை அடைப்பாக இருந்தால் உடம்பை நிமிர்த்தி வாலைத் தாழ்த்தி நிற்கும், வாலும் பின்பக்கமும் மேலும் கீழும் அசையும், முக்கும். எச்சத்துவாரத்துக்குக் கீழே இருபக்கமும் கூர்மையாகத் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனைகளுக்கும் நெஞ்செலும்பின் அடிக்கும் இடையில் வயிற்றை மெதுவாகத் தடவினால் முட்டை கெட்டியாகக் கையில் தெரியும். தெரிந்தால் அகலப் பாத்திரத்தில் முழங்கை தாங்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, வயிறு முங்க இருபது நிமிடம் உட்காரவையுங்கள், பிறகு துடைத்து, எச்சத்துவாரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டாகவும் கதகதப்பாகவும் இருக்கும் இடத்தில் விடுங்கள். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் கால்சியம் டானிக் இரண்டு மில்லி வாயில் கொடுக்கலாம், முட்டையைத் தள்ளும் தசைக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. மூன்று நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. முட்டையை அழுத்தி உடைக்காதீர்கள், ஓட்டுச் சில் உள்ளே கிழித்துச் சீழ் பிடித்தால் மீட்பது கடினம். ஒரு நாளுக்குள் வராவிட்டால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். வயிற்றில் முட்டை தெரியாமல், கால்களுக்கிடையில் வயிறு தொங்கி நீர் கோர்த்திருந்தால் கரு வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து புண்ணாகியிருக்கிறது. முட்டையிடும் வயதுக் கோழிகள் தனியாக நோயில் விழுவதற்கு இது பெரிய காரணம். உண்மையைச் சொல்வதானால் இதில் பெரும்பாலானவை தேறுவதில்லை.

இறக்கைக்கடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. அதைவிட எனக்குக் கவலை தருவது, நம் வறண்ட பகுதியில் மண்சுவர்க் கூடுகளில் வாழும் கோழி உண்ணி. பகலில் சுவர் வெடிப்பிலும் ஓட்டுச் சந்திலும் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் வந்து இரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும், பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதன் குஞ்சுகள் மட்டும் சில நாட்கள் தோலோடு ஒட்டிக்கொண்டு கருநீலப் புள்ளிகளாகத் தெரியும். இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச் அடித்துக் கூட்டின் சுவரையும் கோழி உட்காரும் கம்பின் முனைகளையும் பாருங்கள். இந்த உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு சுருள் கிருமி ஒன்றையும் ஏற்றிவிடும். அந்தக் காய்ச்சல் வந்த கோழி இறகை உப்பி, தூங்கி, இரை எடுக்காமல் நிறையத் தண்ணீர் குடித்து, பச்சையாகக் கழிந்து, கால் தள்ளாடிச் சாகும். பார்வைக்கு ராணிக்கெட்டிலிருந்து பிரிக்கவே முடியாது. நீங்கள் எழுதிய அறிகுறிகள் அத்தனையும் இதற்குப் பொருந்துகின்றன என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். வேறுபாடு என்னவென்றால், ராணிக்கெட் வைரஸ், அதைக் கொல்ல மருந்தே இல்லை. இது பாக்டீரியா, மருத்துவர் போடும் பென்சிலின் ஊசிக்கு நன்றாகக் கட்டுப்படும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தென்படும். உண்ணி இருப்பது உறுதியானால் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். பூச்சிமருந்தைச் சுவரில் மட்டும், கோழிகளை வெளியே விட்டபின், காயும்வரை உள்ளே விடாமல் அடிக்க வேண்டும். பட்டினியாக மாதக்கணக்கில் கிடக்கும் பூச்சி அது, கூட்டைக் காலியாகப் போட்டால் மட்டும் ஒழியாது.

விஷத்தையும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. பேரையூர், தே.கல்லுப்பட்டிக் கரிசலில் விதைப்புக் காலத்தில் பருத்தி, மக்காச்சோள விதைகள் மருந்து கலந்து சாயம் ஏற்றித்தான் வருகின்றன. சிந்தியதைக் கோழி பொறுக்கிவிடும். பூச்சிமருந்து விஷத்தில் வாயில் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும், இரண்டு நாள் தூங்கி நிற்பது குறைவு. எலி மருந்தில் கொண்டை வெளுத்து இரத்தம் கசியும். கண்மாய் வற்றும் கோடையில் செத்த மீனிலும் செத்த கோழியிலும் நெளியும் புழுக்களைத் தின்றால் கழுத்து துவண்டு தரையில் கிடக்கும். ராணிக்கெட்டில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், இதில் துவளும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் மருந்துக்கு வருவோம். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். சுண்டைக்காய் அளவு இரண்டு உருண்டை கொடுப்பதால் கேடில்லை, பசியைத் தூண்டக்கூடும். ராணிக்கெட் வைரஸ் உள்ளே போனபின் அது நிறுத்தும் என்று நம்பி மற்ற கோழிகளைப் பிரிக்காமல் விடுவதுதான் கேடு. வெங்காயமும் பூண்டும் அளவு மீறினால் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், ஏற்கெனவே வெளுத்த கோழிக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். மருந்துக் கடையில் கேட்டால் ஏதாவது ஒரு நுண்ணுயிர்க்கொல்லிப் புட்டியைக் கொடுத்துவிடுவார்கள். வைரஸுக்கு அது பயனில்லை, புழுவுக்கும் பயனில்லை, முட்டை அடைப்புக்கும் பயனில்லை. கோலிஸ்டின் கலந்த எதையும் வாங்காதீர்கள். உணவுக்கான கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் 2019 முதல் தடை. இரத்தக்கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியம் பொடியை எல்லாக் கழிச்சலுக்கும் கரைத்து ஊற்றும் வழக்கமும் இருக்கிறது. அந்த நோய் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகளில் வருவது, எச்சத்தில் இரத்தம் தெரியும். உங்கள் கோழி அந்த வயதைத் தாண்டிவிட்டது. புழு மருந்தும் இப்போது, நிற்க முடியாமல் இருக்கும்போது, வேண்டாம். புதிதாக விழுந்த எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கோழி தேறியபின் எடைக்கேற்ற அளவை அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம்.

தீனிப்பை காலியாகி, எச்சம் விழத் தொடங்கிவிட்டால் உணவு கொடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பாதியைத் தண்ணீரில் குழைத்தோ, கம்பை உடைத்துக் காய்ச்சிய கூழை நன்றாக ஆறவைத்தோ, முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி மட்டும், பலமுறை பிரித்து. முழு நெல்லும் மக்காச்சோளமும் மூன்று நாள் கழித்து. பழைய கடலைப் புண்ணாக்கிலோ தீனியிலோ பூஞ்சை வாடை வந்தால் முழு மூட்டையையும் எறிந்துவிடுங்கள், கழுவிக் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மற்ற நான்கைப் பற்றி. முதலில் அவற்றுக்குத் தீனி தண்ணீர் வைத்துவிட்டு, கடைசியாக நோய்க்கோழியைக் கவனியுங்கள், அதற்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ராணிக்கெட் கிருமி மனிதருக்குக் கண் சிவப்பை உண்டாக்கும், ஆகவே அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக்கூடாது. நான்கையும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்த நோய் ஊர் ஊராகப் பரவுவதே அப்படித்தான். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், நலமாக இருக்கும் கோழிகளுக்கு இப்போதே போடலாமா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். கண்ணில் சொட்டுவிடும் அல்லது தண்ணீரில் கலக்கும் லாசோட்டா என்ற தடுப்பு மருந்து மென்மையானது. இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி போடும் ஆர்2பி என்ற தடுப்பூசி வீரியமானது, ஏற்கெனவே கிருமி புகுந்த கோழிக்குப் போட்டால் நோயைக் கூட்டிவிடக்கூடும். இயல்பான நாட்களில் முறை இது: குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் கண் சொட்டு, நான்காவது வாரம் லாசோட்டா, எட்டாவது வாரம் ஆர்2பி, பதினாறாவது வாரம் மறுபடி. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது, வெயில் ஏறும்முன் போடுவதற்காகவே அந்த மாதம். மருந்தை நீங்களே வாங்கித் தண்ணீரில் கலப்பதானால் ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

முட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். நோய்க்கோழி இடும் முட்டையைச் சாப்பிட வேண்டாம். மருந்து கொடுத்திருந்தால் தேறிய பிறகும் மருத்துவர் சொல்லும் நாள்வரை அதன் முட்டையைப் புதைத்துவிடுங்கள், அடைக்கும் வைக்காதீர்கள். நலமாக இருக்கும் மற்றவற்றின் முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். சாகிறதுக்குள்ளே அறுத்துவிடுவோம் என்பதை நம் ஊரில் சிக்கனமாக நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என்ன நோய், என்ன நஞ்சு என்று தெரியாத கறியைப் பிள்ளைகளுக்குப் போடுவது ஒருபக்கம், அறுத்த இடத்து இரத்தமும் இறகும் மிச்ச நான்குக்கும் நோயைக் கொண்டுபோவது இன்னொரு பக்கம்.

கோழி பிழைக்காமல் போனால் அந்த உடலை வீணாக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போது நான் இவ்வளவு நீட்டிச் சொன்ன சந்தேகங்களில் பெரும்பகுதியை உடற்கூறாய்வு கால் மணி நேரத்தில் தீர்த்துவிடும். செத்தவுடன் உடலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பாலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். உறையவைக்காதீர்கள், உறைந்தால் உறுப்புகள் சிதைந்து ஒன்றும் தெரியாது. நம் வெயிலில் ஆறு மணி நேரத்துக்கே அழுகிவிடும், ஆகவே தாமதம் கூடாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் மதுரையில் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவையோ, திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்தையோ கேட்கலாம். ஒரே இரவில் இரண்டு மூன்று செத்தால் மட்டும் நீங்கள் தொட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அறுத்தும் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி அவர்களை வரவழையுங்கள். கால்நடை அவசர உதவிக்கான 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். புதைப்பதானால் மூன்றடி ஆழம், மேலே சுண்ணாம்பு, நாய் தோண்டாதபடி கல். வாய்க்காலிலும் கண்மாயிலும் வீசக்கூடாது.

நாளை விடியலில் தீனிப்பையும் நெஞ்செலும்பும் எப்படி இருந்தன, கடைசி முட்டை என்றைக்கு, இரவில் சுவரில் உண்ணி தென்பட்டதா, தடுப்பூசி எப்போது போட்டது, இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு கோழியையும் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். காத்திருக்கக்கூடாத நிலைகள்: வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், நிற்க முடியாமல் சரிதல், ஒரு நாளாகியும் வராத முட்டை, இரண்டாவது கோழி தூங்கத் தொடங்குதல். இவற்றில் ஒன்று இன்றிரவே தெரிந்தால், காலை திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.